வீட்டில் ஆபீஸ் அறை: மாடுலர் கேபினட்டா, ஆசாரி அடிக்கும் மேசையா?

வாடகை வீடு என்றால் மாடுலர்தான், அதாவது தொழிற்சாலையில் செய்து வந்து வீட்டில் பொருத்தும் பெட்டிகள். கழற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். பெட்டி பார்ட்டிகிள் போர்டில் (மரத்துகளைப் பசையிட்டு அழுத்திய பலகை) செய்ததென்றால், ஒருமுறை கழற்றிய ஸ்க்ரூ மறுபடி அதே பிடிப்போடு இறங்காது.

சொந்த வீட்டில்தான் நிஜமான கேள்வி. மாடுலர் பெட்டிகள் பெரும்பாலும் 45, 60, 90 செ.மீ. என்று நிலையான அகலங்களில் வரும். சுவரில் மிஞ்சும் இடத்தைப் பட்டை வைத்து மூட வேண்டும். ஆசாரி சுவரை அளந்து அறுப்பார். தூண் துருத்தினாலும் அதற்கேற்ப வெட்டிக் கொடுப்பார். ஆனால் வேலை முடியும்வரை வீடெல்லாம் மரத்தூள். பலகை விளிம்பில் பட்டை ஒட்டுவதில் தொழிற்சாலை இயந்திரத்தின் நேர்த்தி கையில் வருவது கடினம்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் நான் முதலில் பார்ப்பது பலகையைத்தான். ஈரம் ஏறினால் பார்ட்டிகிள் போர்டு உப்பிவிடும், பிறகு சரியாகாது. ஐ.எஸ். 710 முத்திரை (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரக் குறி) உள்ள பிளைவுட் விலை கூடுதல்தான். ஓதமடிக்கும் சுவர் என்றால் தயங்காமல் அதையே வாங்குங்கள். ஓதத்தையும் முதலில் சரிசெய்யுங்கள்.

மேசைப் பலகைக்கு என் ஓட்டு ஆசாரிக்கே. 18 மி.மீ. பலகை தாங்கல் இல்லாமல் 120 செ.மீ. நீண்டால் நாளடைவில் நடுவில் தொய்யும். இரண்டு பலகையை ஒட்டி 36 மி.மீ. ஆக்கச் சொல்லுங்கள். டிராயர்களை மாடுலரில் வாங்கலாம். டிராயரைத் தாங்கும் சேனல் வழுக்கிக்கொண்டு ஓடும்.

எதுவானாலும் பிளக் பாயிண்ட் வேலை முதலில் முடியட்டும்.