வெள்ளவத்தையில் சைக்கிளை எங்கே விடுவது?

வெளிநாட்டிலிருந்து கொழும்புக்கு வரும் நம்மவர்கள் பக்கத்துக் கடைக்குக்கூட ஓட்டோ பிடிக்கிறார்கள். நான் இந்தமுறை நடந்தும், அக்காவின் மகனுடைய சைக்கிளிலும்தான் கடைகளுக்குப் போனேன்.

கொழும்பிலுள்ள வெள்ளவத்தை நடப்பவர்களுக்கு நல்ல இடம். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் எந்த ஒழுங்கையில் தங்கினாலும் மரக்கறி, மருந்து, புடைவை எல்லாம் கிட்டத்தான். நான் இருக்கும் கனடாவின் ஸ்காபரோவில் கடைவாசலை அடையவே பெரிய கார் தரிப்பிடத்தைக் கடக்க வேண்டும்.

சின்னக் கடைக்காரரின் கவனிப்பை எவ்வளவு சொன்னாலும் தகும். பலசரக்குக் கடையில் நின்ற பொடியன், "அண்ணை, வெயில்ல விடாதேங்கோ, சீற் கொதிக்கும்" என்று சைக்கிளை வாங்கி நிழலில் சாத்தினான். பத்துக் கிலோ அரிசியைக் கரியரில் கட்டப் போனேன். முதலாளி விடவில்லை. வீட்டு இலக்கத்தைக் கேட்டுப் பின்னேரமே அனுப்பிவைத்தார், அதற்குக் காசும் வாங்கவில்லை. மருந்துக் கடையில், முழங்கால் நோவோடு நடந்து வந்த அம்மாவுக்கு முதலில் கதிரை வந்தது, பிறகுதான் மருந்துத் துண்டைக் கேட்டார்கள்.

பெரிய கடைகளில் கதை வேறு. ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காவலாளி கார்களுக்கு விசிலடித்து இடம் காட்டினார். என் சைக்கிளைக் கண்டதும் வெளியே கை காட்டினார். அவரில் பிழையில்லை, சொன்னதைச் செய்கிறார். மின்கம்பத்தில் பூட்டிவிட்டு உள்ளே போனால் மனம் முழுக்க வாசலில்தான் நிற்கிறது, ஆறுதலாக எதையும் பார்த்து வாங்க முடியவில்லை. மனேஜரிடம் சொன்னேன். மேலிடத்துக்கு அறிவிப்பதாகச் சொன்னார். சில கடைகளின் முன்பக்கம் முழுதும் கார் தரிப்பிடமாகிவிட்டது. கார் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம் நடைபாதையில் வருபவர் பஸ் ஓடும் வீதிக்கு இறங்க வேண்டியிருக்கிறது. பிள்ளையைக் கையில் பிடித்து வரும் தாய்மாருக்கு இது எவ்வளவு ஆபத்து!

2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றபோது கார்க்காரரே சைக்கிள் தேடி அலைந்தார்கள், சைக்கிள் விலையும் எங்கேயோ ஏறியது. அந்த நேரத்திலாவது வாசலில் ஓர் இரும்புக் குழாயை வளைத்து நட்டிருக்கலாம். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள் நிற்கும். அத்தனை பேரும் காசு கொடுத்துச் சாமான் வாங்குபவர்கள்தானே?

கொழும்பின் பெரிய சந்தைப் பகுதியான புறக்கோட்டைக்கு மட்டும் சைக்கிள் வேண்டாம். லொறியும் தள்ளுவண்டியும் நிறைந்த தெருக்களில் உருட்டவே இடமில்லை. வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் பக்கத்திலுள்ள கோட்டை நிலையத்தில் இறங்கி நடவுங்கள். அங்குள்ள செட்டியார் தெரு நகைக்கடைகளில் வியர்த்து நடந்து போன எங்களையும் காரில் வந்தவர்களுக்குப் பக்கத்திலேயே இருத்தி, குடிக்கக் குளிராக ஏதாவது தந்துவிட்டுத்தான் நகையை எடுத்துக் காட்டினார்கள்.