எம்.எஸ்சி. கணிதம்: ஜாம் தேர்வா, சி.எம்.ஐ. நுழைவுத் தேர்வா?

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் (JAM) என்ற பொது நுழைவுத் தேர்வு. சென்னை அருகே சிறுசேரியில் உள்ள சி.எம்.ஐ.க்கு (சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்) அதன் சொந்தத் தேர்வு. இரண்டுக்கும் ஒரே மாதிரி படித்தால் ஒன்றில் அடி விழும்.

ஜாம் 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண், எல்லாம் கணினியில். விடைக்குத்தான் மதிப்பெண், வழிமுறைக்கு இல்லை. முதல் 30 கேள்விகளில் மட்டும் தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். பல விடைகள் சரியாக இருக்கக்கூடிய 10 கேள்விகளில், சரியான விடை ஒன்றைக் குறிக்காமல் விட்டாலும் அந்தக் கேள்விக்குப் பூஜ்யம்தான்.

சி.எம்.ஐ.யில் நிரூபணம் எழுத வேண்டும். மெய்யெண் கோட்டில் எக்ஸ் ஸ்கொயர் சீரான தொடர்ச்சி (புள்ளிகள் நெருங்கினால் மதிப்புகளும் எங்கும் ஒரே அளவில் நெருங்கும் தன்மை) உடையதல்ல என்று ஜாமில் டிக் அடித்தால் முடிந்தது. சி.எம்.ஐ.யில் எம், எம் + 1/எம் என்ற புள்ளிகளை எடுத்து, எம் பெரிதாகப் பெரிதாக அவை நெருங்கிக்கொண்டே போனாலும் வர்க்கங்களின் வித்தியாசம் 2-க்குக் கீழே இறங்காது என்று எழுதிக் காட்ட வேண்டும். ஜாமில் வராத காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் (கலப்பெண் பகுப்பாய்வு), ரிங் தியரி (வளையக் கோட்பாடு) இரண்டும் இங்கே உண்டு. கோச்சிங் நோட்ஸை மட்டும் நம்பியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

ஜாமில் ரேங்க் வந்தால் மட்டும் சீட் கிடைத்துவிடாது. தனியாகச் சேர்க்கை விண்ணப்பம் போட்டு, விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். தேதி தவறினால் ரேங்க் வீண்.

ஆராய்ச்சிதான் குறி என்றால் சி.எம்.ஐ. பாடத்திட்டத்தை முதலில் முடியுங்கள். ஜாமுக்குக் கடைசி இரண்டு மாதம் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போடலாம்.