முன் பிரேக் ஒரு பக்கம் இழுத்தால்: ஜாக் சோதனையா, ஏற்றச் சோதனையா?

பிரேக் பிடிக்கும்போது ஏடிவி (கரடுமுரடான பாதைகளில் ஓடும் சிறிய நான்கு சக்கர வண்டி) இடப்பக்கம் இழுக்கிறதென்றால், இடது முன்சக்கரம் அளவுக்கு மீறிப் பிடிக்கிறதா, வலது முன்சக்கரம் பிடிக்காமல் இருக்கிறதா என்பதை அந்த இழுப்பை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இலங்கை மலையகத்துத் தோட்டப் பாதைகளில் ஓடும் வண்டிக்கு இதைக் கண்டறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பது. மற்றது, வண்டியை ஏற்றப் பாதையில் ஓட்டிவிட்டு இரு பக்கச் சூட்டையும் ஒப்பிடும் ஏற்றச் சோதனை.

எதைத் தொடங்கினாலும் டயர்க் காற்றை முதலில் பார்க்க வேண்டும். ஏடிவி டயரில் பொதுவாக 4 முதல் 7 பிஎஸ்ஐ வரையே காற்று இருப்பதால், கார் டயரில் யாரும் பொருட்படுத்தாத 2 பிஎஸ்ஐ வித்தியாசம் இங்கே வண்டியையே ஒரு பக்கம் திருப்பிவிடும். கார் டயருக்கான சாதாரண கேஜில் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாகப் படிக்க முடியாது.

ஜாக் சோதனைக்குச் செலவில்லை. மழை நாளிலும் கொட்டகைக்குள் செய்துவிடலாம். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலுக்கும் வண்டியை இருசக்கர இயக்கத்துக்கும் மாற்றிய பின்பே சுற்ற வேண்டும்; நான்கு சக்கர இயக்கத்தில் விட்டால் ஒரு சக்கரத்தின் இறுக்கம் மற்றதிலும் தெரிந்து குழப்பும். பிரேக் பேட், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை (வட்டத் தகட்டை) இலேசாக உரசுவது இயல்பு என்பதால் இரு பக்கத்தையும் ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும். ஆனால் பிடிக்காத சக்கரம் இந்தச் சோதனையில் மிக நன்றாகச் சுழலும், அதுவே நல்ல சக்கரம் என்று தோன்றவும் செய்யும். ஒருவர் பிரேக் லீவரை மெல்ல அழுத்த, மற்றவர் சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றினால்தான் அந்தக் குறை வெளிப்படும். பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பிஸ்டன் சூடேறிய பிறகே இறுகுமானால், அது குளிர்ந்த வண்டியில் அப்போதும் அகப்படாது.

ஏற்றச் சோதனை அங்கேதான் மேலானது. தொழிற்சாலையடியிலிருந்து மேல் மலைக்கு ஏறும் பாதையில் பிரேக்கைத் தொடாமலே ஏறி, அக்சிலரேட்டரை விட்டு வண்டியை நிற்கவைத்தால், அப்போது சூடாக இருக்கும் டிஸ்க் தானாகவே உரசிக்கொண்டிருந்தது என்பது உறுதி. அதே பாதையில் முன் பிரேக்கைப் பயன்படுத்தி இறங்கினால் பிடிக்காத பக்கம் மற்றதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். சமதரையில் இவ்வளவு தெளிவாக இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. டிஸ்க்கை விரலால் தொடக் கூடாது. அகச்சிவப்பு வெப்பமானியும் பளபளப்பான உலோகத்தில் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும் என்பதால், இரு பக்கமும் கலிப்பரின் (பேடும் பிஸ்டனும் இருக்கும் கூட்டின்) ஒரே இடத்தை நோக்கிப் பிடித்து வித்தியாசத்தை மட்டும் கவனிப்பது நல்லது.

இதற்கு எதிரி தண்ணீர். ஒரு சக்கரம் மட்டும் கான் (வடிகால்) நீரில் இறங்கி ஏறினாலே அளவு பொய்யாகிவிடும். ஆகவே தென்மேற்குப் பருவமழைக் காலத்து அட்டன், மஸ்கெலியாப் பக்கங்களிலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்துப் பதுளைப் பக்கத்திலும் ஜாக் சோதனையையே நம்ப வேண்டியிருக்கும். காய்ந்த நாளாக இருந்தால் நான் ஏற்றச் சோதனையைத்தான் முதலில் செய்வேன்.

எந்தச் சக்கரம் என்று தெரிந்தாலும் ஏன் என்பதை இவ்விரண்டுமே சொல்லமாட்டா. அதற்கு, சக்கரம் இறுகியிருக்கும்போதே அந்தக் கலிப்பரின் நிப்பிளை (ஒயிலை வெளியே விடும் திருகை) சிறிது தளர்த்த வேண்டும். பிரேக் ஒயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது என்று பொருள். லீவரோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் ஒயில் திரும்பும் துளை அடைபட்டிருந்தால் பெரும்பாலும் இரு பக்கமும் இறுகும். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து ஒயில் ஹோஸைத்தான் சந்தேகிக்க வேண்டும். வெளியே புதிதுபோலத் தெரியும் ஹோஸ் உள்ளே வீங்கி, ஒயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் தடுப்பதுண்டு. சிந்தும் ஒயில் பேடில் படாமல் துணி வைத்துக்கொள்ள வேண்டும். பட்ட பேட் பிறகு பிடிக்காது.

நிப்பிளைத் தளர்த்தியும் சக்கரம் இறுகியே இருந்தால் கலிப்பரைக் கழற்றிப் பேட்களைப் பார்க்க வேண்டும். உட்புறப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் கலிப்பர் நகர்வதற்கான ஸ்லைட் பின்கள் சேறேறி இறுகியிருக்கும். சுத்தம் செய்து பிரேக்குக்குரிய கிரீஸ் பூசினால் போதும். இரண்டு பேட்களும் சமமாகத் தேய்ந்திருந்தால் பிஸ்டனையும் அதன் ரப்பர் சீலையும் பார்க்க வேண்டும். அவற்றைப் பெட்ரோலில் கழுவினால் சீல் ஊதிவிடும் என்பதால், புதிய பிரேக் ஒயிலால் மட்டுமே கழுவ வேண்டும்.