ராகியா கம்பா? சத்து கணக்குல எது எங்க முந்துது

சிறுதானியத்துக்கு மாறணும்னு ஆரம்பிக்கிறவங்க முக்காவாசி பேரு ராகி மாவோட நின்னுடறாங்க, கம்பு பக்கம் எட்டிக்கூட பாக்கறதில்ல. கேட்டா "ராகி தானே ரொம்ப சத்து"ன்னு பதில் வருது. எதுக்கு சத்துன்னு கேக்கணும், ஏன்னா இது ரெண்டும் உடம்புக்குள்ள ஒரே வேலைய பாக்கற தானியம் இல்ல.

ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல போட்ட உணவுச் சத்து அட்டவணைய எடுத்துக்கோங்க. 100 கிராம் ராகில கால்சியம் 364 மில்லிகிராம், கம்புல வெறும் 27. இதுல போட்டியே கிடையாது, எலும்புக்குன்னு சாப்பிட்டா ராகி தான். இரும்புச்சத்துக்கு வந்தா கணக்கு அப்படியே திரும்புது, கம்பு 6.4 மில்லிகிராம், ராகி 4.6, தீட்டின அரிசி 0.65. புரதம் கம்புல 11 கிராம் கிட்ட வருது, ராகில 7 சொச்சம் தான், அதாவது வெள்ளை அரிசிய விட கூட ஒரு இழை கம்மி, இத யாருமே சொல்றதில்ல! நார்ச்சத்து ரெண்டுலயும் 11 கிராமுக்கு மேல, அதுல சண்டை வேணாம்.

ஆனா அட்டவணைல இருக்கறது எல்லாம் ரத்தத்துல சேர்றதில்ல. ராகிக்கு அந்த செங்காவி நிறம் குடுக்கறதே தோல்ல இருக்கற டானின் மாதிரி பாலிஃபீனால்கள்ங்கற தாவர வேதிப்பொருள்கள் தான், அது ஆன்டிஆக்ஸிடன்ட்டாவும் வேலை செய்யும், மாவுச்சத்து செரிக்கற வேகத்தையும் குறைக்கும். அதே பொருள், தானியத்துல இயல்பாவே இருக்கற ஃபைட்டிக் அமிலத்தோட சேர்ந்து இரும்பு, ஜிங்க்க பிடிச்சு வச்சுக்கும், குடல் உறிஞ்ச முடியாது. இதுக்கு மருந்து முளைகட்டறது. ராகிய ராத்திரி ஊறவச்சு, ஈரத்துணில கட்டி தொங்கவிட்டு, வெள்ளையா முளை எட்டிப் பாத்ததும் நிழல்ல காயவச்சு லேசா வறுத்து அரைச்சா ஃபைட்டிக் அமிலம் நல்லாவே குறையும். இன்னொரு லாபமும் இருக்கு, முளைவிடும்போது வர்ற அமைலேஸ்ங்கற நொதி மாவுச்சத்த உடைக்கறதால கஞ்சி கெட்டிப்படாது, அதனால கைக்குழந்தைக்கு அதே டம்ளர்ல கூடுதல் மாவு போட்டு ஊட்டலாம். கடைல வெளுப்பா, பட்டு மாதிரி இருக்கற மாவ பாத்து ஏமாறாதீங்க, அது தவிட்ட சலிச்சு எடுத்தது, நாம காசு குடுக்கற சத்துல பெரும்பங்கு அந்த தவிட்டுல தான் போயிருக்கும்.

கம்புக்கு வர்றேன், என் ஓட்டு இதுக்கு தான், அதுவும் வயசுக்கு வந்த பொண்ணுங்க இருக்கற வீட்டுல. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேணும்னு அதே நிறுவனத்தோட 2020 பரிந்துரை சொல்லுது, அரிசிய மட்டும் நம்பி அந்த கணக்குக்கு பக்கத்துல கூட போக முடியாது. கம்புலயும் ஃபைட்டிக் அமிலம் இருக்கு தான், ஆனா நம்ம கூழு செய்முறையே அதுக்கு பதில் வச்சிருக்கு. கம்புல தண்ணி தெளிச்சு பிசறி, குத்தி, முறத்துல புடைச்சு, நொய்யா உடைச்சு, ராத்திரி புளிக்கவிட்டு காய்ச்சினா புளிப்பு ஏற ஏற ஃபைட்டிக் அமிலம் உடையும், இரும்பு வெளிய வரும். கடிச்சுக்க மாங்காயோ நெல்லிக்காயோ இருந்தா அந்த வைட்டமின் சி இன்னும் இழுத்துக் குடுக்கும். சாப்பிட்ட கையோட டீ மட்டும் குடிக்காதீங்க, பாதி உழைப்பு வீண். ஒன்னு கவனிங்க, ரொம்ப தீட்டின கம்பு அரிசி வாங்கினா இரும்பும் தவிட்டோட போயிடும், ராகில இந்த தொல்லை கம்மி, அதோட தோல் உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கறதால அப்படியே மாவா தான் அரைக்கறோம்.

கம்புல இரும்பு கூடுதலா இருக்கற ரகமே இருக்கு, தனசக்தின்னு பேரு, இக்ரிசாட்ங்கற சர்வதேச பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் மகாராஷ்டிராவுல இருக்கற மகாத்மா பூலே வேளாண் பல்கலையும் சேர்ந்து கொண்டு வந்தது. மகாராஷ்டிரா பள்ளிப் பிள்ளைங்களுக்கு இரும்பு கூட்டின கம்புல ரொட்டி குடுத்து பாத்த ஆய்வுல அவங்க உடம்புல இரும்பு இருப்பு ஏறியிருக்கு. நம்ம ஊர் கடைலயும் இந்த மாதிரி ரகம் பேர் போட்டு விக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

கம்புக்கும் குறை உண்டு. அதுல இருக்கற ஃபிளாவனாய்டுங்கற சில தாவரப் பொருள்கள் தைராய்டு வேலைய தடுக்கும், அயோடின் பத்தாத ஊருல மூணு வேளையும் கம்பே சாப்பிட்டா தான் பெரிசா தெரியும். அயோடின் உப்பு போட்டு வாரத்துல சில நாள் சாப்பிடறவங்க பயப்பட வேணாம், தைராய்டுக்கு மாத்திரை எடுக்கறவங்க மட்டும் டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க.

சுகர் இருக்கறவங்களுக்கு ராகி நல்லதுன்னு கண்ண மூடிட்டு சொல்றாங்க. நைசா அரைச்சு கஞ்சியா காய்ச்சி குடிச்சா சர்க்கரை சர்ருன்னு ஏறும், முளைகட்டின மால்ட்னா இன்னும் வேகம். அவங்களுக்கு முருங்கைக்கீரை போட்ட ராகி அடையோ, நொய்யா உடைச்ச கம்பஞ்சோறோ எவ்வளவோ மேல்.

கம்பு மாவ மட்டும் மொத்தமா அரைச்சு வைக்காதீங்க. கொழுப்பு 5 கிராமுக்கு மேல இருக்கு, ராகில 2 கூட இல்ல, அதனால அரைச்ச கொஞ்ச நாள்லயே சிக்கு வாடை அடிச்சு கசந்துடும். தானியமா வாங்கி வச்சு வாரத்துக்கு தேவையானத மட்டும் அரைங்க, மிச்ச மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கட்டும்.