தோட்டத்து ரோட்டில் எது நல்லது: எச்சரிக்கை ஒலியா, ஹோர்னா?

மின்சாரக் கார் இறக்கத்தில் வரும்போது பிரேக் பிடிப்பதுகூட மோட்டார்தான்; எஞ்சின் சத்தமே இல்லை. அதே இறக்கத்தில் கொழுந்து லொறி சிறிய கியரில் உறுமிக்கொண்டு இறங்கும், லயத்து வாசலிலேயே கேட்கும். கொழுந்து மூட்டையோடு ரோட்டோரம் நடக்கும் பெண்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அந்த உறுமல்தான் இதுவரை எச்சரிக்கை.

மின்சாரக் காரில் அந்த உறுமல் இல்லாததை ஈடுகட்டத்தான், வெளியே நடப்பவர்களுக்குக் கேட்கும்படி காரிலேயே ஒரு செயற்கை எச்சரிக்கை ஒலி வைக்கிறார்கள். ஐ.நா.வின் 138ஆம் ஒழுங்குவிதிப்படி மணிக்கு 20 கிலோமீற்றர் வரை அது ஒலிக்க வேண்டும். அந்த வேகத்தில் குறைந்தது 56 டெசிபெல், மேல் எல்லை 75. வேகம் கூடக் கூடச் சுருதியும் ஏறும். அதனால் கார் நெருங்குகிறதா, நிற்கப்போகிறதா என்று பார்க்காமலே பிடிபடும். கண் தெரியாதவர்களுக்கு இது பெரிய விஷயம். 20ஐத் தாண்டினால் டயர் சத்தமே போதும், ஈர ரோட்டில் இன்னும் நன்றாகக் கேட்கும்.

ஹோர்ன் அப்படியல்ல. சாரதி ஆளைக் கண்டால்தான் அடிப்பார். பனிமூட்டத்தில் அதற்குள் பிந்திவிடும். ஹட்டன் பஸ் நிலையப் பக்கம் அது எச்சரிக்கையாகவே இல்லை, வெறும் இரைச்சல். பக்கத்துக் கடைக்காரர்கள் நாள் முழுக்க அதைச் சகிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் நானுஓயா போகும் வழியில் எதிரே வருவது தெரியாத முடக்குகளில் ஹோர்ன்தான் வேண்டும். மெல்லிய ஒலி மலையைத் தாண்டிப் போகாது. அங்கே ஒரு தடவை, சுருக்கமாக அடித்தால் போதும். மற்ற இடமெல்லாம் என் தெரிவு எச்சரிக்கை ஒலிதான். பழைய மின்சாரக் கார் வாங்குபவர்கள் அது வேலை செய்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.