முதல் மில்லிங் மெஷின்: புது மினி மில்லா, பழைய நீ மில்லா?

வீட்டுப் பட்டறைக்கு முதல் மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம்) தேடுகிறவர்கள் கடைசியில் முட்டி நிற்பது இந்த இரண்டில்தான்: மேசைமேல் வைக்கிற புது மினி மில், இல்லாவிட்டால் யாரோ ஓட்டிக் கழித்த பெரிய நீ மில் (knee mill, வேலைப்பொருளை வைக்கும் மேசையே மேலும் கீழும் ஏறி இறங்கும் வகை).

எடை: மினி மில் 50, 60 கிலோ, இரண்டு பேர் தூக்கிவிடலாம். நீ மில் ஒரு டன்னை ஒட்டி வரும். விலை பேசுவதற்கு முன் வாசலை அளந்துவிடுங்கள்.

வெட்டு: அந்த எடைதான் இங்கே பலம். மினி மில்லில் அலுமினியம் அழகாக வரும், ஆனால் ஸ்டீலில் கொஞ்சம் ஆசைப்பட்டு அரை மில்லிமீட்டர் ஆழம் தாண்டினாலே பல நேரம் அதிர ஆரம்பித்து, வெட்டிய பரப்பு முழுக்க மீன் செதில் மாதிரி வரி விழுந்துவிடும். நீ மில்லுக்கு அதெல்லாம் தூசு.

மின்சாரம்: மினி மில் வீட்டு பிளக்கிலேயே ஓடும். பழையது பெரும்பாலும் த்ரீ ஃபேஸ். வீட்டு மின்சாரத்தை த்ரீ ஃபேஸாக மாற்றித் தரும் விஎஃப்டி என்ற கருவியைப் போட்டு ஓட்டலாம், அது தனிச் செலவு.

தேய்மானம்: புதியதிலும் கிப்பைச் (நகரும் பாகங்களின் ஆட்டத்தைக் குறைக்க இறுக்கும் பட்டை) சரிசெய்து, கட்டர் சுழலும் தலையை நேராக்கவே ஒரு வாரம் போகும். பழையதில், மெஷினின் மேசை நடுவில் இருக்கும்போது ஆட்டம் இல்லாமல் கிப்பை இறுக்கி, அப்புறம் ஓரத்துக்கு ஓட்டிப் பாருங்கள். அங்கே கைப்பிடி இறுகினால் நடுப்பகுதி தேய்ந்துபோனது.

சின்ன மாடல்கள், அலுமினியம், மாடி வீடு என்றால் மினி மில். ஸ்டீல் வேலை, தரைத்தளம், பழுது பார்க்கப் பொறுமை இருந்தால் யோசிக்காமல் நீ மில். எதுவானாலும் வைஸ் (வேலைப்பொருளைப் பிடிக்கும் இடுக்கி), கொலெட் (கட்டரைப் பிடிக்கும் வளையம்), எண்ட் மில்லுக்கு (வெட்டும் கட்டர்) முதலிலேயே கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வையுங்கள்.