வேலி கழுவ பிரஷர் வாஷர்: பெட்டி மேல் இருக்கும் படத்தை நம்பாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டைச் சுற்றி மரவேலி மட்டும்தான், அதைக் கழுவுவதற்காகவே பிரஷர் வாஷர் (தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீச்சும் மெஷின்) வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு என் பதில்: வேண்டாம். சிமென்ட் தரை, மதில், வண்டி என்று கழுவுவதற்கு வேறு வேலையும் நிறைய இருக்கிறது, கூடவே வேலியும் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம்.

நான் வாங்கியது மின்சாரத்தில் ஓடும் சின்ன ரகம். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை, இந்த அளவில் வருபவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். பெட்டியில் 130 பார் (தண்ணீர் அழுத்தத்தின் அலகு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது உச்ச அழுத்தம். தொடர்ந்து ஓடும்போது கிடைப்பது அதைவிடக் குறைவு, பொடி எழுத்தில் வேறொரு எண் இருக்கும், வாங்கும்போது அதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு பார் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ (அழுத்தத்துக்கு இன்னோர் அலகு), அப்படிக் கணக்குப் போட்டால் 130 பார் 1,900 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் வருகிறது. பைன் மாதிரி மென்மரத்துக்கு 500, 600 பிஎஸ்ஐயே பெரும்பாலும் போதும். ஆக, வேலிக்காக இதைவிடப் பெரிய மெஷினைத் தேடுவதில் அர்த்தமே இல்லை.

அந்தப் பெட்டி மேல் ஒரு படம் இருக்கிறது பாருங்கள், பாசி பிடித்துக் கறுத்த பலகையில் ஒரே இழுப்பில் பளிச்சென்று ஒரு கோடு. பொய் இல்லை, அப்படி வரத்தான் செய்கிறது. ஆனால் போவது அழுக்கு மட்டும் இல்லை. வெயிலில் நின்ற மரம் சாம்பல் நிறமாவதற்குக் காரணம், மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைத்துவிடுவதுதான். பிணைப்பு போன அந்த மேல் நாரை மெஷின் சீவி எடுக்கிறது, அதோடு நிற்காமல் அடியில் இருக்கும் நல்ல மரத்தில் மென்மையான பகுதியையும் அரிக்கிறது. கூடவே வரும் சுழல் நாசில், அதாவது தண்ணீரைச் சுழற்றிப் பீச்சும் முனை (டர்போ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள்), எப்படி என்று பார்க்க, கழற்றிப் போட்ட பழைய பலகை ஒன்றில் அடித்துப் பார்த்தேன். காய்ந்ததும் பலகை முழுக்கப் பிசிறு, கையை வைத்தால் சிலாம்பு ஏறும், அப்புறம் உப்புத்தாள் போடாமல் அதன் மேல் எதையும் பூச முடியாது. மரவேலி வைத்திருப்பவர்கள் அந்த நாசிலைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

நிறம் பிரித்த நாசில்கள் வந்தால், தண்ணீர் விரியும் கோணம் சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புக்கு. மரத்துக்கு வெள்ளைதான். பலகையிலிருந்து ஓர் அடியாவது தள்ளிப் பிடித்து, நார் ஓடும் திசையிலேயே, ஓர் இடத்தில் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போக வேண்டும்.

இப்படி அடக்கமாக அடித்தால் பாசி போகுமா என்றால், முழுதாகப் போகாது. அங்கேதான் சோடியம் பெர்கார்பனேட் பொடி வருகிறது, மரத்துக்கான ஆக்சிஜன் கிளீனர் என்று விற்பதில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சோடியம் கார்பனேட்டாகவும் பிரிந்து நுரைக்கும். பலகையை முதலில் நனைத்து, கரைசலைத் தடவி, கால் மணி நேரம் காயவிடாமல் ஈரமாகவே வைத்திருந்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் பாசி, கறுப்புப் பூஞ்சை இரண்டும் கிளம்பிவிடுகின்றன. அதற்கப்புறம் அலசுவதற்குத்தான் மெஷின், அந்த அலசலைத் தோட்டத்துக் குழாயே செய்துவிடும் என்பதுதான் என் முக்கியமான குறை. சுத்தம் செய்தது பொடியும் பிரஷ்ஷும், பெயர் வாங்கியது மெஷின்.

பொடிக்குப் பதில் வீட்டில் இருக்கும் ப்ளீச்சை ஊற்றிவிடலாமே என்று தோன்றும். ப்ளீச் மர நாரையும் கெடுக்கும், ஆணியையும் அரிக்கும், வேலியோரச் செடியையும் கருக்கும். ஆணியைச் சுற்றி வழியும் கறுப்புக் கறை பாசியே இல்லை, இரும்பும் மரத்தில் இயல்பாக இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து உண்டாவது, அதற்கு ஆக்சாலிக் அமிலம்தான் கேட்கும், கையுறை கட்டாயம். ப்ளீச்சையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வரும், ஒன்று பட்ட இடத்தில் இன்னொன்று வேண்டவே வேண்டாம்.

மெஷின் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம் காட்டுவது மற்ற வேலிகளில். பிவிசி வேலியில் 25 டிகிரி பச்சை நாசிலே போதும், பளிச்சென்று ஆவதைப் பார்க்கவே ஆசையாக இருக்கிறது. துத்தநாகம் பூசிய கம்பி வலையில் பின்னிக்கொண்ட காய்ந்த கொடி, ஒட்டடை, மண் எல்லாவற்றையும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணாகத் தேய்ப்பதை நினைத்துப் பார்த்தால் இதற்காகவே வாங்கலாம் போலிருக்கிறது. இரும்புக் கம்பி வேலியில் மட்டும் கவனம். உரியும் பெயிண்டைத் தள்ளிவிடும், துருவை எடுக்காது. அதற்குக் கம்பி பிரஷ், உப்புத்தாள், உடனே பிரைமர், இந்தப் பழைய வழிதான். துருக் குழிக்குள் போன தண்ணீர் முழுக்கக் காயாமல் பிரைமர் அடித்தால் உள்ளேயே துரு வளரும். ரொம்பப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதை மெஷினால் சிதறடிக்கவே கூடாது.

மெஷினைப் பற்றிச் சொன்னால், சத்தம் அதிகம், ஹோஸ் விறைப்பாக இருக்கிறது, வேலியோடு நகர நகர மெஷினையும் இழுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. வேலி நீளமாக இருந்தால் 8 மீட்டருக்குக் குறையாத ஹோஸ் உள்ளதைப் பாருங்கள். டிரிக்கரை விட்டதும் மோட்டார் தானாக நிற்பது நல்ல வசதி. தண்ணீரும் மிச்சம்தான், நிமிடத்துக்கு 6, 7 லிட்டர். ஈரத்தில் மின்சாரம் என்பதால் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத இணைப்பில் இதை மாட்டாதீர்கள். பீச்சும் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது, குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கழுவி முடித்த மரத்தில் அன்றைக்கே எண்ணெயோ ஸ்டெயினோ (மரத்துக்கான நிறப்பூச்சு) பூச வேண்டாம், நல்ல வெயிலிலும் இரண்டு நாளாவது காயட்டும். அந்த இடைவெளியில் கம்பத்தின் அடியில் சேர்ந்த மண்ணையும் சருகையும் விலக்கிவிடுங்கள், மரக் கம்பம் முதலில் மக்குவது தரைமட்டத்தில்தான், அங்கே எந்த நாசிலும் உதவாது. மெஷினை எடுத்து வைக்கும் முன் குழாயை மூடி, சுவிட்சை அணைத்து, டிரிக்கரை ஒருமுறை அழுத்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தை விட்டுவிடுங்கள். குளிரில் தண்ணீர் உறையும் ஊராக இருந்தால் உள்ளே தண்ணீர் தங்கிய பம்ப் வெடித்துவிடலாம், அதற்குப் பெரும்பாலும் உத்தரவாதமும் கிடையாது.